ஏரியும் தோலும்

ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஊர்களுக்குத் தோல்தான் சோறு. அங்கிருந்து ஆற்றோடு கிழக்கே வந்தால் காவேரிப்பாக்கம். அந்த ஊருக்கு ஏரிதான் சோறு. சரித்திரப் புத்தகத்தில் காவேரிப்பாக்கத்துக்கு ஒரு வரி உண்டு. 1752-ல் கிளைவ் அங்கே ஒரு சண்டையில் ஜெயித்தான் என்பார்கள். சண்டை ஓர் இரவில் முடிந்து போயிற்று. ஏரி ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. சரித்திரம் எழுதுகிறவர்களுக்குச் சண்டையின் மீது உள்ள ஆசை தண்ணீரின் மீது இருப்பதில்லை.

இந்தத் தோலையும் ஏரியையும் வைத்துக்கொண்டு ஒரு கணக்கு சாஸ்திரத்தின் சரித்திரத்தைச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். என் கணக்குப் படிப்பும் பட்டம் வரை எட்டாததுதான். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குப் புரிந்த விஷயம் கதை படிக்கிறவர்களுக்குப் புரியாமல் போகாது. உள்ளதற்குள் சிறந்தது எது, அதுதான் சிறந்தது என்று எப்படி நிச்சயம் செய்வது? இதுதான் அந்த சாஸ்திரத்தின் கேள்வி. ஒரு குடும்பத் தலைவி மாதக் கடைசியில் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுவேதான்.

தோலிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரோமாபுரிக் கவி வர்ஜில் சொன்ன ஒரு பழைய கதை. டயர் நகரத்து ராஜகுமாரி டைடோ, சொந்தச் சகோதரனுக்கே பயந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கக் கரைக்கு ஓடி வந்தாள். ஒரு மாட்டுத் தோல் எவ்வளவு நிலத்தை அடைக்குமோ அவ்வளவு நிலம் போதும் என்று அந்த ஊர்க்காரர்களிடம் விலை பேசினாள். அவர்களும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். அவள் தோலை மெல்லிய வாராக அறுத்து, வாரோடு வாரை முடிந்து, அதற்குள் ஒரு நகரத்தையே வளைத்துப் போட்டாளாம். அதுதான் கார்த்தேஜ். கடற்கரையை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு வாரை அரைவட்டமாக வளைத்தாள் என்று பின்னால் வந்த கணக்காசிரியர்கள் சேர்த்துக்கொண்டார்கள். நீளம் இவ்வளவுதான், அதற்குள் மிக அதிகமான நிலம் வேண்டும் என்றால் அரைவட்டந்தான் சரியான விடை.

காவேரிப்பாக்கத்து ஏரியை வெட்டியவன் பல்லவ அரசன் மூன்றாம் நந்திவர்மன் என்று சொல்லப்படுகிறது. காலம் ஒன்பதாம் நூற்றாண்டு. அவன் விருதுப் பெயரால் இந்த ஊரை அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. கரையின் நீளம் எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல். பரப்பு ஏறக்குறைய 4000 ஏக்கர். மண் சுமந்தவர்களுக்கு டைடோவைத் தெரியாது. ஆனால் கேள்வி அவள் கேட்ட கேள்விதான்: மேட்டு நிலத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, போடுகிற கரைக்கு எவ்வளவு அதிகத் தண்ணீரைத் தேக்கலாம்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் நிரூபணம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1838-ல் ஜேக்கப் ஸ்டைனர் என்பவர் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தார். ஸ்விட்ஸர்லாந்து தேசத்துக் குடியானவர் மகன். பதினாலு வயது வரைக்கும் எழுதத் தெரியாதாம். அவர் சொன்ன யுக்தி குடியானவர் யுக்தியாகவே இருக்கிறது. உன் வேலி ஓரிடத்தில் உள்ளே குழிந்திருக்கிறதா? குழிந்த பகுதியை அப்படியே வெளிப்பக்கமாகத் திருப்பிப் போடு. வேலியின் நீளம் மாறவில்லை, நிலம் கூடிவிட்டது. ஆகவே குழிவுள்ள எந்த வேலியும் சிறந்த வேலியாக இருக்க முடியாது.

குழிவில்லாத இந்த உருவங்களைத்தான் குவிந்த உருவங்கள் என்கிறார்கள். அடையாளம் சுலபம். உள்ளே எந்த இரண்டு இடத்தில் இரண்டு பேர் நின்றாலும், ஒருவரை நோக்கி மற்றவர் நேராக நடந்து வரலாம். வழியில் எல்லை குறுக்கிடாது. முட்டை குவிந்தது. வட்டத் தட்டு குவிந்தது. பிறைச் சந்திரன் குவிந்ததல்ல. விரித்துப் போட்ட மாட்டுத் தோலும் குவிந்ததல்ல. முன்காலின் நுனியிலிருந்து பின்காலின் நுனிக்குக் கோடு இழுத்தால் கோடு தோலை விட்டு வெளியே போய்விடும். இந்தத் தோலை மறந்துவிடாதீர்கள். பிறகு இது நமக்கு வேண்டியிருக்கும்.

ஸ்டைனருக்குப் பின் வந்தவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி. ஸூரிச்சில் ஐன்ஸ்டைனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். 1909-ல் குடல்வால் நோயில் இறந்துபோனபோது அவருக்கு வயது நாற்பத்து நாலுதான். குவிந்த உருவங்களுக்கு ஒரு சாஸ்திரமே உண்டாக்கிவிட்டுப் போனார். அதில் இரண்டு உண்மைகளை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது: குவிந்த உருவத்தின் ஓரத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும், அந்த இடத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைக்கலாம், உருவம் முழுவதும் பலகைக்கு ஒரே பக்கத்தில் இருக்கும். முட்டையின் மேல் பலகை வைத்துப் பாருங்கள். குழியுள்ள பாத்திரத்தின் மேல் வைத்தால், பலகை குழியின் விளிம்புகளில் உட்காருமே தவிர குழியைத் தொடாது.

இரண்டாவது: ஒன்றை ஒன்று தொடாத இரண்டு குவிந்த உருவங்களுக்கு நடுவே நேர்கோடு ஒன்று போட்டுப் பிரித்துவிடலாம். அண்ணன் நிலமும் தம்பி நிலமும் குவிந்தவையாக இருந்தால் நேர் வரப்பு ஒன்று போதும். சர்வேயருக்கு ஒரே இழுப்பு. ஒருவர் நிலத்தின் வளைவுக்குள் மற்றவர் நிலம் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தால்தான் வக்கீல் பிழைக்கிறார்.

மின்கோவ்ஸ்கி பெரிய பேராசிரியர். இதே விஷயத்தை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தவர் பேராசிரியரே அல்ல. யோஹான் யென்ஸன் என்ற டென்மார்க் தேசத்துக்காரர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் என்ஜினீயர். கணக்கைத் தாமாகவே படித்துக்கொண்டவர். கடைசி வரையில் எந்தக் கல்லூரியிலும் உத்தியோகம் பார்க்கவில்லை. அவர் 1906-ல் வெளியிட்ட கட்டுரையில் குவிந்த சார்பு என்பதற்கு இலக்கணம் சொன்னார். அவர் சொன்னதைக் காவேரிப்பாக்கத்து ஏரியைக் கொண்டு சொல்லிவிடலாம்.

ஏரியின் தரையை ஒரு பெரிய கிண்ணமாக நினைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே எங்கே கயிறு கட்டினாலும் கயிறு தரைக்கு மேலேயே நிற்கும். அதுதான் யென்ஸனின் இலக்கணம். இப்படிப்பட்ட ஏரியில் கோடைகாலத்தில் தண்ணீர் சுண்டினால் கடைசித் தண்ணீர் ஒரே இடத்தில்தான் தங்கும். எங்கேயிருந்து புறப்பட்ட மீனும், பள்ளம் பார்த்துப் போனால் போதும். அந்த ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

நிஜ ஏரி அப்படியா இருக்கிறது? வண்டல் ஓரிடத்தில் மேடிட்டிருக்கும். மண் எடுத்த இடம் பள்ளமாகியிருக்கும். தண்ணீர் வற்ற வற்ற ஏரி பல குட்டைகளாகப் பிரிந்துபோகும். ஒரு குட்டையில் மாட்டிக்கொண்ட மீனுக்கு அதைவிட ஆழமான குட்டை ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருப்பது தெரியாது. சுற்றிப் பார்த்தால் எல்லாத் திசையும் மேடு. இதுதான் உலகத்திலேயே ஆழமான இடம் என்று அது நினைத்துக்கொள்கிறது. மனிதர்களிலும் இப்படி எத்தனையோ பேர். சிறந்ததைத் தேடுகிறவனுக்கு உள்ள பெரிய ஆபத்து இந்தக் குட்டைதான். கிண்ணம் குவிந்ததாக இருந்தால் அந்த ஆபத்து இல்லை. பக்கத்தில் சிறந்தது எதுவோ அதுவே எங்கும் சிறந்தது.

இதுவரை சொன்னது வடிவங்களின் கதை. இது வயிற்றுப்பாட்டின் கதையாக மாறியது 1939-ல், ருஷ்யாவில். லெனின்கிராடில் லியோனிட் கண்டரோவிச் என்ற இளைஞர் இருபத்திரண்டு வயதிலேயே பேராசிரியர் ஆகியிருந்தார். ஒட்டுப்பலகை செய்யும் நிறுவனத்தார் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டு வந்தார்கள். பலவிதமான மரங்கள், பலவிதமான யந்திரங்கள். ஒவ்வொரு யந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் உரிக்கிறது. எந்த மரத்தை எந்த யந்திரத்துக்குக் கொடுத்தால் உற்பத்தி அதிகமாகும்? கண்டரோவிச் விடை சொன்னதோடு நிற்கவில்லை. விடை சரிதான் என்று காட்டுவதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணைக் கூடவே கண்டுபிடித்தார். அந்த எண் என்ன என்பதை ருஷ்யாவை விட்டு நம் ஊர் வயலுக்கு வந்து பார்த்தால் சுலபமாக விளங்கும்.

ஏரிப் பாசனத்தில் ஒருவருக்குப் பத்து ஏக்கர் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் போகத்துக்கு 25 பங்கு தண்ணீர் அவருக்குக் கிடைக்கும். நெல் வைத்தால் ஏக்கருக்கு 4 பங்கு தண்ணீர், லாபம் 5000 ரூபாய். கேழ்வரகு வைத்தால் ஒரு பங்கு தண்ணீர், லாபம் 2000 ரூபாய். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எதை எத்தனை ஏக்கர் வைப்பது?

ஐந்து ஏக்கர் நெல், ஐந்து ஏக்கர் கேழ்வரகு. நிலமும் சரியாகப் போயிற்று, தண்ணீரும் சரியாகப் போயிற்று. லாபம் 35,000. சரி, இதற்கு மேல் யாராலும் சம்பாதிக்க முடியாது என்பதற்கு என்ன அத்தாட்சி?

இதுதான்: ஓர் ஏக்கர் நிலத்துக்கு 1000 ரூபாய், ஒரு பங்கு தண்ணீருக்கு 1000 ரூபாய் என்று மனசுக்குள் விலை போடுங்கள். ஓர் ஏக்கர் நெல்லுக்கு நிலம் 1000, தண்ணீர் 4000, ஆக 5000. லாபமும் அதேதான். கேழ்வரகுக்கு நிலம் 1000, தண்ணீர் 1000, ஆக 2000. அதுவும் அதேதான். ஆகவே எந்தப் பயிரும் தான் விழுங்கும் நிலம், தண்ணீர் இவற்றின் விலைக்கு மேல் ஒரு பைசா கொடுக்காது. அவரிடம் உள்ள மொத்த நிலத்தின் விலை 10,000; மொத்தத் தண்ணீரின் விலை 25,000; கூட்டினால் 35,000. எப்படித் தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் வராது. விடையைக் கண்டுபிடித்த வழி தெரியாதவன்கூட அது சரியென்று ஒத்துக்கொண்டே ஆக வேண்டும்.

அந்த விலையில்தான் மின்கோவ்ஸ்கியின் பலகை ஒளிந்திருக்கிறது. தண்ணீர் கூடக் கூட லாபம் எப்படி ஏறுகிறது என்று கோடு வரைந்து பாருங்கள். முதல் 10 பங்கு வரையில், ஒரு பங்கு கூடினால் லாபம் 2000 கூடும், எல்லாம் கேழ்வரகு. 10 முதல் 40 வரையில், பங்குக்கு 1000. 40-க்கு மேல் எல்லா நிலமும் நெல்லாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் வந்தாலும் ஒரு பைசாவும் கூடாது. கோடு ஏறி ஏறிச் சாய்ந்து கடைசியில் மட்டமாகிவிடுகிறது. கோட்டுக்குக் கீழே உள்ள பகுதி குவிந்த உருவம். 25 என்ற இடத்தில் அதன் மேல் பலகையைச் சாய்த்து வைத்தால் பலகையின் சாய்வு 1000. அந்தச் சாய்வுதான் தண்ணீரின் விலை.

கண்டரோவிச் கண்ட எண்களும் இவைதாம். ஆனால் அவருடைய தேசத்தில் இது லேசான பேச்சாக இருக்கவில்லை. பொருளின் மதிப்பு உழைப்பிலிருந்து பிறக்கிறது என்பது அங்கே வேதவாக்கு. மரத்துக்கும் யந்திரத்துக்கும் நிலத்துக்கும் கணக்குப் போட்டு விலை சொன்னால் பொறுப்பார்களா? யுத்த காலத்தில், 1942-ல், இதைப்பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். அச்சானது 1959-ல். நடுவில் பதினேழு வருஷம். 1975-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. ஒரு பெருக்கல் கணக்கு பதினேழு வருஷம் மேஜை அறையில் பூட்டிக் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு நாவல் எழுதுகிறவர்களின் கஷ்டமெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் இதே சாஸ்திரம் தனியாக முளைத்தது. 1947-ல் ஜார்ஜ் டான்ட்ஸிக், ஆகாயப் படையின் திட்டங்களுக்காக ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அதே வருஷம் அவர் பிரின்ஸ்டனில் வான் நாய்மனைச் சந்தித்துப் பேசினார். ஒவ்வொரு உற்பத்திக் கணக்குக்கும் நிழல் போல ஒரு விலைக் கணக்கு உண்டு என்பதை வான் நாய்மன் அந்தச் சந்திப்பிலேயே அவருக்கு விளக்கிச் சொன்னாராம். 1950-ல் கூன், டக்கர் என்ற இருவர், நேர்கோடுகளுக்கு மட்டுமின்றி வளைந்த கிண்ணங்களுக்கும் பொருந்தும் விதியை ஒரு மகாநாட்டில் வாசித்தார்கள். கரூஷ் என்ற மாணவர் 1939-லேயே சிகாகோவில் எம்.ஏ. பட்டத்துக்காக அதை எழுதி வைத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிய வந்தது. அவரும் பூட்டிய மேஜைக்காரர்தான்.

அவர்கள் விதியில் ஒரு வரி நம் ஏரிக்கரையில் எழுதி வைக்க வேண்டியது. மிச்சமிருக்கும் பொருளுக்கு விலை பூஜ்யம். விலையுள்ள பொருளில் மிச்சம் இராது. ஏரி நிரம்பிக் கலங்கலில் மறுகால் பாயும் வருஷத்தில், ஒரு பங்கு தண்ணீர் கூடக் கிடைத்தால் யாருக்கு என்ன லாபம்? வறண்ட வருஷத்தில் அதே பங்குக்காகக் கடைமடைக்காரன் ராத்திரி முழுவதும் விழித்திருக்கிறான். ஏரி அதே ஏரி, தண்ணீரும் அதே தண்ணீர். பலகையின் சாய்வுதான் மாறிவிட்டது.

இந்தச் சாஸ்திரத்துக்கு நம் தேசத்தோடும் உறவு உண்டு. டான்ட்ஸிக்கின் முறை உருவத்தின் ஓரத்தோடு மூலை மூலையாக நடந்து போகும். 1954-ல் நார்வே தேசத்து ராக்னர் ஃபிரிஷ், மகலனோபிஸ் நடத்திய கல்கத்தா புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்த சமயம். ஒரு தேசம் முழுவதற்கும் சிறந்த பங்கீடு எது என்பதுதான் அங்கே பேச்சு. மறு வருஷம் ஃபிரிஷ் ஒரு புதிய வழியை எழுதினார். ஓரத்துக்குப் போகாமல் உருவத்தின் உள்ளேயே நடக்க வேண்டும். எல்லையை நெருங்க நெருங்க அபராதம் ஏறிக்கொண்டே போகும்படி ஏற்பாடு செய்துவிட்டால் கால் தானே உள்ளே திரும்பிவிடும். அன்று அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1984-ல் குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் இருந்துகொண்டு, உள்வழியாக நடக்கும் தம்முடைய முறையை வெளியிட்டார். பெரிய பெரிய கணக்குகள் அதற்கு மசிந்தன. அவர் வழிக்கும் பழைய அபராத வழிக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது என்று இரண்டே வருஷத்தில் வேறு சிலர் காட்டினார்கள்.

எல்லாக் கணக்கும் இப்படி மசிந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் அந்த மாட்டுத் தோல் வேண்டும். ஆம்பூரில் செருப்புக்குத் தோல் வெட்டுகிறவர் முன்னால் ஒரு தோல் விரிந்து கிடக்கிறது. கால்கள் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் முள் கிழித்த தழும்பு. உண்ணி கடித்த புள்ளிகள். முதுகுத் தோல் கெட்டி, வயிற்றுத் தோல் தளர்ச்சி. இதில் எத்தனை ஜோடிக்குத் துண்டு எடுக்கலாம்? கண்டரோவிச்சே ஜால்கல்லர் என்பவரோடு சேர்ந்து, பொருள்களைச் சேதாரமின்றி வெட்டுவது பற்றி 1951-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆனாலும் இப்படிப்பட்ட தோலுக்கு, இதைவிட நன்றாக வெட்ட முடியாது என்று சான்று சொல்லும் பலகை சுலபத்தில் கிடைப்பதில்லை. குட்டைகள் ஆயிரம். வெட்டுகிறவரின் கண்ணும் பழக்கமும், இப்போது வந்திருக்கும் கம்ப்யூட்டரும், ஒரு நல்ல குட்டையைக் கண்டுபிடித்துத் திருப்திப்பட வேண்டியதுதான்.

தோல் வெட்டுவது கஷ்டமான கணக்கு. தோல் பதனிடும் தண்ணீருக்கு விலை போடுவது அவ்வளவு கஷ்டமான கணக்கல்ல. ஆனால் அதைத்தான் போடாமல் இருந்துவிட்டோம். பாலாறு ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை எல்லாவற்றையும் கடந்து வாலாஜாப்பேட்டைக்கு வருகிறது. அங்கே 1858-ல் கட்டிய அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று கால்வாய்கள் பிரிந்து போகின்றன. மேலே பதனிடும் சாலை. கீழே பாசன நிலம். மேலே இருக்கிறவர் நோட்டுப் புத்தகத்தில் கழிவை ஆற்றில் விடுவதற்குச் செலவு பூஜ்யம். மறுகால் பாயும் வருஷத்து விலையை அவர் எல்லா வருஷத்துக்கும் எழுதிக்கொண்டார். கீழே இருக்கிறவர் நோட்டுப் புத்தகத்தில் கிணறு உவர்த்துப் போனது பற்று எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் ஒன்றாக வைத்துத் தைத்தால்தான் தண்ணீரின் விலை கண்ணுக்குத் தெரியும்.

தைத்தது உச்ச நீதிமன்றம். வேலூர் மக்கள் நல மன்றம் ஒன்று போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பு வந்தது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் கண்டதை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த தேசத்துச் சட்டத்தில் சேர்ந்தது என்றார்கள். பூஜ்யமாக இருந்த இடத்தில் ஓர் எண்ணை எழுதச் சொன்னார்கள், வேறென்ன? அந்த எண்ணை வசூலிப்பது இன்னும் முடிந்தபாடில்லை. 2025 ஜனவரியிலும் இதே ஆற்றைப்பற்றி அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது.

தோல்காரரைக் கரித்துக்கொட்டுவது என் நோக்கமல்ல. அந்தத் தொழிலில் உலை வைக்கிற வீடுகள் எத்தனையோ. தோல் வேண்டாம் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. தண்ணீரின் விலையையும் சேர்த்துக்கொண்டு பிறகு லாபத்தைக் கூட்டு என்றுதான் சொல்கிறது.

கணக்கு சொல்லாத விஷயமும் ஒன்று இருக்கிறது. மொத்தம் 35,000-க்கு மேல் வராது என்று அது சத்தியம் செய்யும். அந்த 35,000 யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டால் வாயைத் திறக்காது. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் ஊரில் இருக்கும் மனிதர்கள். ஆனால் அவர்கள் முடிவு செய்ய உட்காரும்போது, விலை பூஜ்யம் என்று யாராவது சொன்னால், ஏரி இப்போது மறுகால் பாய்கிறதா என்று ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் மின்கோவ்ஸ்கியும் கண்டரோவிச்சும் இவ்வளவு பாடுபட்டார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட அவர்கள் பட்ட பாடு வீண் போகவில்லை.